எல்லாம் தெரிந்த வகுப்பு

கல்லூரி ஆசிரியர்களுக்குப் பாடம் நடத்தச் சொல்லித்தரும் பயிலரங்கு என்றாலே எனக்கு எரிச்சல் வரும். இருபது வருஷமாக வணிகவியல் நடத்துகிறவனை உட்காரவைத்து, பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போர்டில் எழுதலாமா கூடாதா என்று இரண்டு மணி நேரம் பேசினால் வராதா? பதவி உயர்வுக்குச் சான்றிதழ் வேண்டுமே என்று போனேன். கேரளத்தில் கழக்கூட்டம் சந்திப்பு நெரிசலில் பஸ் ஊர்ந்து போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும்.

அந்த பஸ்ஸில்தான் அவள் பழக்கமானாள். வேறொரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவள், நாகர்கோவில்காரி. நானும் அந்தப் பக்கம் என்று தெரிந்ததும் முதல் நாளே "அண்ணாச்சி" என்று ஒட்டிக்கொண்டாள். அவள் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அவள் நடத்துவது புரியவில்லை என்று பிள்ளைகள் புகார் சொல்லியிருந்தார்கள். பயிலரங்கின் கடைசி நாளில் ஆளுக்குப் பத்து நிமிடம் பாடம் எடுக்க வேண்டும். மற்ற ஆசிரியர்கள் மாணவர்களாக உட்காருவார்கள். மதிப்பீட்டாளர் தரம் போடுவார். அதில் நல்ல தரம் வந்தால்தான் வேலை என்று அவள் நிர்வாகம் சொல்லிவிட்டது.

"இல்லேன்னா ஊருக்குப் போயி டியூஷன் எடுக்க வேண்டியதுதான் அண்ணாச்சி," என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

தினமும் பஸ்ஸில் என்னிடம் பாடத்தைச் சொல்லிப் பார்ப்பாள். ஒரே அறையில் இருக்கிற மர மேசை தொட்டால் சும்மா இருக்கிறது, எவர்சில்வர் தட்டு மட்டும் ஏன் சில்லென்று இருக்கிறது என்பதுதான் பாடம். கேள்விகளையும் பதில்களையும் நான் அப்படியே மனப்பாடம் செய்து, மத்தியானச் சாப்பாட்டின்போது மற்றவர்களுக்கும் ஒப்பித்தேன். அந்தப் பிள்ளையைக் கைவிடக்கூடாது என்று எல்லோருக்கும் ஒரே எண்ணம். கேட்ட மாத்திரத்தில் பதில் சொல்லும் வகுப்பைத்தானே நாங்கள் ஆயுசு முழுக்க ஆசைப்பட்டுக்கொண்டிருக்கிறோம். அதை அவளுக்கு நாங்களே கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தோம்.

கொடுத்தோம். முதல் கேள்விக்கே எல்லாக் கைகளும் உயர்ந்தன. வரலாற்று ஆசிரியர் வெப்பக்கடத்தலைப் பற்றி ஒரு சின்னச் சொற்பொழிவே ஆற்றிவிட்டார். இரண்டாவது கேள்வியை அவள் முடிப்பதற்குள் பதில் வந்தது. மூன்றே நிமிடத்தில் பாடம் தீர்ந்துவிட்டது. எல்லாம் தெரிந்தவர்களிடம் அவள் எதைச் சொல்லித்தருவாள்? கையில் சாக்பீஸோடு அப்படியே நின்றாள். மதிப்பீட்டாளர் கடிகாரத்தைப் பார்த்தார். உதவி செய்கிறோம் என்று அவள் குடியைக் கெடுத்துவிட்டோமே!

மதிப்பீட்டாளர் முன்னால் எலுமிச்சை ஜூஸ் இருந்தது. அவரிடம் கேட்டு, அதிலிருந்து இரண்டு ஐஸ் துண்டுகளை ஸ்பூனால் எடுத்தாள். ஒன்றை, பாடத்துக்காகக் கொண்டுவந்திருந்த எவர்சில்வர் தட்டிலும் மற்றதை மர மேசையிலும் வைத்தாள். அதுவரை இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டாள்.

"அண்ணாச்சி, எது மொதல்ல உருகும்?"

இது பஸ்ஸில் வராத கேள்வி. "மேசையில உள்ளதுதான். தட்டுதான் சில்லுனு இருக்கே, அது எப்படி ஐஸை உருக விடும்?" என்றேன் தைரியமாக. பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

தட்டில் தண்ணீர் பரவ ஆரம்பித்தது. மேசையில் இருந்த துண்டு குத்துக்கல்லாட்டம் இருந்தது. "அது எப்படி?" என்று எழுந்தே விட்டேன். அவள் முகம் மலர்ந்தது. என்னை மேசைக்கு அழைத்து, தட்டைத் தொடச் சொல்லி, தமிழும் மலையாளமும் கலந்து சொல்ல ஆரம்பித்தவள் மணி அடித்தும் நிறுத்தவில்லை. வெளியே வரும்போது மதிப்பீட்டாளர் என் தோளில் தட்டி, "அபிநயம் அசலாயி, கேட்டோ," என்றார். நான் பிரமாதமாக நடித்துவிட்டேனாம்.

சாயங்காலமே தரம் சொல்லிவிட்டார்கள். அவள் வேலை பிழைத்தது. ஆனால் பஸ்ஸில் ஏறியும் அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"நெசமாவே தெரியாதா அண்ணாச்சி?" என்றாள். "தினமும் கேட்டீங்களே. தலைய தலைய ஆட்டினீங்களே."

"மனப்பாடம் பண்ணுனேன் தாயி. புரியல."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "எங்க பிள்ளைங்களும் அப்படித்தான் ஆட்டிருக்கும், என்ன?" என்றாள். அந்த நேரம் அவளை நினைத்து மனசு கனத்துப்போனது.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "சரி, இப்ப சொல்லுங்க பாப்போம்."

மழையில் நனைந்த பஸ் கம்பியைப் பிடித்தபடி சொன்னேன். "கம்பி சில்லுனு இல்ல. என் கைச்சூட்டை வேகமா இழுக்குது, அதான் அப்படித் தோணுது. ஐஸை வச்சா அதுக்கும் அதே வேகத்துல சூட்டைக் கொண்டு குடுக்கும். மரத்துக்கு அந்த வேகம் கிடையாது."

அவள் கண் நிறைந்துவிட்டது. தரம் சொன்னபோதுகூட அவள் அழவில்லை.