கோட்டைப்பட்டினத்து ராணி காசுகள்

நயா பைசா வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அறந்தாங்கியில் தாலுகா ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். பழைய வெள்ளி ரூபாய் சேர்க்கும் பைத்தியம் என்னைப் பிடித்திருந்த காலம் அது. சந்தையில் ஒருவன் தந்த ஈயக் காசை வெள்ளி என்று நம்பி வாங்கி ஏமாந்த பிறகு, சட்டைப் பையில் பூதக்கண்ணாடி இல்லாமல் வெளியே போவதை விட்டிருந்தேன்.

ஒருநாள் பட்டா விஷயமாக ஆபீசுக்கு வந்த ஒரு பாய், கோட்டைப்பட்டினத்தில் படகு வைத்திருப்பவர், பேச்சுவாக்கில் தன் வீட்டில் ராணி தலை போட்ட ரூபாய்கள் ஒரு டப்பாவில் கிடப்பதாகச் சொன்னார். வலை வாங்க அவற்றை விற்கும் எண்ணத்தில் இருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறிவிட்டேன்.

அவருடைய மனைவி டப்பாவைக் கொண்டுவந்து தரையில் விரித்த கோரைப்பாயில் கொட்டினார். ஒவ்வொன்றாக எடுத்தேன். சுண்டிப் பார்த்தபோது ஒன்று மட்டும் கணீரென்று ஒலிக்காமல் தொப்பென்றது. அதன் விளிம்பு வரிகள் அரத்தால் கீறியவை. போலி. பலவற்றில் காசுமாலையில் கோக்க வளையம் பற்றவைத்த தழும்பு இருந்தது. மற்றவற்றில் ராணியின் கன்னமும் கொண்டையும் தேய்ந்து மொழுக்கையாகிவிட்டிருந்தன. கடைசியில் மூன்று காசுகள் கிடைத்தன. புழக்கத்துக்கே போகாதவை. தலைமுடி இழை இழையாகத் தெரிந்தது. உடையில் இருந்த பூக்கள் அப்படியே இருந்தன. மேலே கருநீலமாக ஒரு படலம், ஓரத்தில் லேசாக மஞ்சள். அந்தப் படலம் வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகும். அது இருந்தால்தான் காசுக்கு மதிப்பு.

மாதக் கடைசி. கையில் பஸ் காசுதான் இருந்தது. வெள்ளிக்கடை விலையைப்போல் இரண்டு மடங்கு தருவதாகச் சொன்னேன். பாய் சந்தோஷப்பட்டார்.

"சம்பளம் வாங்கிட்டு வாரேன். இந்த மூணையும் அப்படியே வச்சிருங்க அக்கா. ஒண்ணும் செய்ய வேணாம்" என்றேன்.

"அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம் தம்பி. நீங்க போய்ட்டு வாங்க" என்றார் அந்த அம்மா.

சம்பளம் வந்த மறுநாளே லீவு போட்டுவிட்டுப் போனேன். வாசலிலேயே வரவேற்றார்கள். டீ வந்தது. பிறகு, வெள்ளைத் துணி விரித்த ஒரு தட்டில் மூன்று காசுகளும் வந்தன. கண்ணாடி போல மின்னின.

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். முகம் முழுக்க மெல்லிய கீறல்கள். முடியின் இழைகள் மழுங்கியிருந்தன. படலம் போன இடமே தெரியவில்லை.

"என்னக்கா செஞ்சீங்க?"

"புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேச்சோம். நானும் மகளும் மத்தியானம் பூரா ஒக்காந்து தேச்சோம். எம்புட்டு அழுக்கு!" அவர் முகம் பூரித்திருந்தது.

"ஒண்ணும் செய்ய வேணாம்னு சொன்னேனேக்கா."

"சிரமப்பட வேணாம்னுதானே சொன்னீங்க. எங்களுக்கு என்ன சிரமம்? ரெண்டு மடங்கு குடுக்கிற ஆளுக்கு அழுக்கையா குடுக்கிறது?"

இனி எப்படி விளக்குவது? அழுக்கு என்று நினைத்ததுதான் விலை என்றேன். பழைய காசு பழையதாகத் தெரிய வேண்டும் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அது கிறுக்குத்தனமாகக் கேட்டது. பாய் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அழுக்கா இருந்தப்ப வேணும்னீங்க. இப்ப பளபளன்னு இருக்கு, வேணாங்கிறீங்க. வெலையக் கொறைக்கணும்னா நேராச் சொல்லுங்க சார். ஆபீஸ்காரவுக சுத்தி வளைச்சுத்தான் பேசுவீங்க."

அந்த வீட்டில் தம்பியாக இருந்தவன் சார் ஆகிவிட்டேன். அந்த அம்மாவின் பூரிப்பும் வடிந்துவிட்டது. அவர் விரல் நுனிகள் புளியில் ஊறிச் சுருங்கியிருந்ததாக எனக்குப் பட்டது. வெறும் பிரமையாகவும் இருக்கலாம். கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல், பேசிய விலையைக் கொடுத்து ஒரு காசை மட்டும் எடுத்துக்கொண்டேன். மற்ற இரண்டையும் ஏன் விட்டேன் என்று அவர்கள் கேட்கவில்லை. வழியனுப்ப வாசலுக்கும் வரவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தக் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் வெயில் பட்டுக் கண் கூசியது. பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்து, "புதுசா அடிச்சு விட்டிருக்காங்களா?" என்று கேட்டார். காசைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

சில மாதம் கழித்துப் பாயை அறந்தாங்கிக் கடைத்தெருவில் பார்த்தேன். மிச்சக் காசுகளை வெள்ளிக்கடையில் எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார். அந்த இரண்டும் அதில் போயிருந்தன. உருக்கியிருப்பார்கள்.

என்னிடம் வந்த காசை மற்றவற்றோடு பெட்டியில் வைத்திருந்தேன். ஒருநாள் பெட்டியை ஒழுங்குபடுத்திய என் மனைவி அதை மட்டும் வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இத்தன வருசத்துல இது ஒண்ணுதாங்க பாக்குற மாதிரி வாங்கியிருக்கீங்க" என்றாள். "மத்ததையும் இந்த மாதிரி தேச்சு வைக்கட்டுமா?"

பெட்டியை வாங்கிப் பூட்டி, சாவியை என் இடுப்பில் செருகிக்கொண்டேன்.