பெயர்ப்பலகை இல்லாத கடைகள்

அந்த நாட்களில் படம் கணினித் திரையில் கீற்றுக் கீற்றாகத்தான் இறங்கி வரும். முதலில் வானம், பிறகு கூரை, அதன் பிறகு சுவர். இணையம் தொலைபேசிக் கம்பி வழியாக வந்ததால், நடுவில் யாராவது தொலைபேசியை எடுத்துவிட்டால் சுவரோடு நின்றுவிடும். அத்தானின் முதல் படம் அப்படி இறங்கி வந்ததை நானும் அவரும் ஆளுக்கொரு தேநீர்க் கோப்பையோடு பார்த்துக்கொண்டிருந்தோம். ரொறன்ரோவின் ஸ்டீல்ஸ் வீதியோரத்துச் சிறிய பிளாசா அது. செங்கல், கூரைத் தண்ணீர் இறங்கும் தகரப் பீலி, உருகும் பனியின் சேற்றுக் குட்டை எல்லாம் அச்சொட்டாக இருந்தன. கடைகளுக்கு மேலிருந்த பலகைகள் மட்டும் வெள்ளையாக இருந்தன. ஒன்றிலும் ஓர் எழுத்து இல்லை. அதை அத்தானின் பாணி என்று நினைத்துக்கொண்டேன். வீட்டிலேயே ஒரு பாணிக்காரர் இருக்கிறார் என்று எனக்குக் கொஞ்சம் பெருமை வேறு.

அத்தான் என் மூத்த அக்காவின் கணவர். தொண்ணூறுகளின் நடுவில் ரொறன்ரோவின் மில்லிக்கன் பகுதியில் அவர்களுடைய வீட்டில்தான் நான் இருந்தேன். யாழ்ப்பாணத்தில் நில அளவைக் கந்தோரில் படம் வரைபவராக இருந்தவர், இங்கே மார்க்கம் நகரில் ஒரு தொழிற்சாலையில் கணினிப் பலகைகளில் கம்பி ஒட்டிக்கொண்டிருந்தார். அதிகம் பேச மாட்டார். அவரிடம் கதை கேட்பதைவிடக் குளிர்சாதனப் பெட்டியிடம் கேட்கலாம் என்று அக்கா சொல்வாள். அந்தப் பெட்டி இடைக்கிடை உறுமவாவது செய்யுமாம்.

நான் வேலை செய்த அலுவலகத்தில் மதிய இடைவேளையில் இணையத்தில் மேய்ந்தபோதுதான் அந்தக் குழு அகப்பட்டது. பல நாடுகளில் இருந்தவர்கள், தாங்கள் வாழும் ஊரைத் தெருவில் நின்று வரைந்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். புகைப்படத்தைப் பார்த்து வரையக் கூடாது. இடத்திலேயே வரைய வேண்டும். படத்தின் கீழே அது எந்த இடம், வரையும்போது காதில் என்ன விழுந்தது என்று ஒரு வரி எழுத வேண்டும். அவ்வளவுதான் சட்டம். நான் என்னையும் அத்தானையும் சேர்த்துப் பதிந்துவிட்டேன். நான் வரைந்த கார்கள் எல்லாம் சப்பாத்து மாதிரி வந்தன. குழுவினர் அதற்கும் குறை சொல்லாமல், நிழலை முதலில் போட்டுப் பாருங்கள், பிறகு காரைப் போடுங்கள் என்று பொறுமையாகச் சொல்லித்தந்தார்கள். அத்தானுக்குச் சொல்லித்தர யாருக்கும் ஒன்றும் இருக்கவில்லை. அவர் படங்களை அலுவலகத்து ஸ்கேனரில் நான் ஏற்றி அனுப்புவேன். கீழே எழுத வேண்டிய வரியில் இடத்துக்கு ரொறன்ரோ என்று மட்டும் போடச் சொல்வார். பாராட்டு வந்தால் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றி வாசிப்பேன். "சரி, சரி" என்பார். காது மட்டும் சிவந்துவிடும்.

ஒரே ஒரு விஷயம் எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். வரையும்போது அவர் ஒருநாளும் காரை விட்டு இறங்கியதில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஸ்டியரிங்கில் படப் புத்தகத்தைச் சாய்த்து வைத்து வரைவார். யாராவது நடந்து வந்தால் மேலே ஒரு பத்திரிகையை விரித்துவிடுவார். குளிருக்குப் பயம் என்று நினைத்தேன். நடு வைகாசியிலும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்றால் என் புத்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டது லிஸ்பனில் இருந்த ஒரு பெண்மணி. ஓய்வுபெற்ற தாதி. மீன் சந்தையை வரைவார். மீன் விற்பவர்கள் ஒவ்வொருவருடைய மூக்கும் தனித்தனி மூக்காக இருக்கும். உங்கள் படங்களை நான் மிகவும் விரும்புகிறேன், ஆனால் உங்கள் நகரத்தில் கடைகளுக்குப் பெயர் கிடையாதா, வீடுகளுக்கு எண் கிடையாதா, மனிதர்கள் வெளியே வருவதே இல்லையா என்று எழுதியிருந்தார். நல்ல மனத்தோடு கேட்டதுதான். நான் வாசித்து முடித்ததும் அத்தான் கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்துக்கொண்டார்.

"அவவுக்கு இப்பிடி எழுதும், பிள்ளை. பேர் போட்டால் அது எந்த இடம் எண்டு தெரிஞ்சிடும்."

நான் தட்டத் தொடங்கினேன், நிறுத்தினேன். எந்த இடம் என்று தெரிவதற்காகத்தானே அந்தக் குழுவே இருந்தது! திரும்பிப் பார்த்தேன். அதன் பிறகுதான் மிச்சத்தைச் சொன்னார். ஊரில் பின்னேரங்களில் சந்திகளை வரைவது அவருக்குப் பழக்கமாம். ஒருநாள் சோதனைச் சாவடியில் பையைக் கொட்டியபோது ஒரு சந்தியின் படம் விழுந்திருக்கிறது. கடைப் பெயர்கள், வீட்டுப் படலைகள், எல்லாம் துல்லியமாக. யாருக்காக வரைந்தாய் என்று கேட்டு இராணுவம் அவரைத் தடுத்து வைத்திருந்தது. விட்டதும் வீட்டுக்கு வந்தவர்கள், இராணுவத்தோடு சண்டையிட்ட இயக்கப் பெடியள். அவர்களும் யாருக்காக வரைந்தாய் என்றுதான் கேட்டார்கள். அன்று அக்கா அத்தனை படங்களையும் அடுப்பில் போட்டாள். எனக்கு வராமல் போனது அழுகையா கோபமா என்று இன்றும் தெரியவில்லை. அவர் சொன்னதைச் சொன்னபடி ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன்.

அடுத்த ஞாயிறு வந்த படங்களைப் பார்த்து நாங்கள் இருவரும் திகைத்துப்போனோம். லிஸ்பன்காரியின் மீன் சந்தையில் பெயர்ப்பலகை வெறுமையாக இருந்தது. மெல்போர்னில் இருந்து ஒரு பஸ் சாரதி அனுப்பிய படத்தில் பஸ் போகும் இடத்தின் பெயர் இல்லை. வந்த ஒவ்வொரு படத்திலும் ஏதோ ஒரு பலகையை வெள்ளையாக விட்டிருந்தார்கள். அத்தானுக்காகத்தான். அத்தானுக்கோ கோபம் வந்துவிட்டது.

"உவைக்கென்ன விசரே? நல்ல படத்தை ஏன் பழுதாக்கினவை? அவையின்ர ஊரில எழுதலாம்தானே!"

"எங்கட ஊரில, அத்தான்?" என்று கேட்டேன். எங்கட ஊர் என்று ரொறன்ரோவைச் சொன்னது அன்றுதான் முதல்முறை. எனக்கே வாய் கூசியது. அடுத்த விடுமுறை நாளில் அவர் மடக்குக் கதிரை ஒன்றைக் காரில் ஏற்றிக்கொண்டு, "வாறீரோ?" என்றார்.

அதே பிளாசாதான். வாகனத் தரிப்பிடத்து மரத்தடியில் கதிரையை விரித்து உட்கார்ந்தார். பக்கத்தில் நான். வரைந்துகொண்டே பலகைகள் வரை வந்துவிட்டார். வழக்கம்போல எழுத்தை விட்டுவிட்டு, கீழேயுள்ள கதவுகளை வரையப் போனார். அப்போது பிளாசாவின் காவலாளி எங்களை நோக்கி நடந்து வந்தார். கரீபியன் தீவொன்றைச் சேர்ந்த வயதான மனிதர், சீருடையில். நான் வணக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் அத்தான் எழுந்து நின்றுவிட்டார். சட்டைப் பையிலிருந்து ஓட்டுநர் உரிமம், சுகாதார அட்டை, குடிவரவுக் கடிதம், வேலையிடத்து அட்டை எல்லாவற்றையும் எடுத்து நீட்டினார். அவற்றுக்கு மேல் படப் புத்தகத்தையும் வைத்தார். அவர் கால்களைச் சேர்த்து நின்ற விதம் இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

காவலாளிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அட்டைகளை அப்படியே அத்தானின் கையில் திருப்பி வைத்தார். படத்தை மட்டும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மூலையிலிருந்த முடி அலங்காரக் கடையைச் சுட்டிக்காட்டி, அது என் மனைவியின் கடை, அவள் பெயரைத்தான் வைத்திருக்கிறோம், நீங்கள் ஏன் அதை எழுதவில்லை என்று கேட்டார். குரலில் மெய்யாகவே மனத்தாங்கல்.

நான் தமிழில் சொன்னேன். அத்தான் காவலாளியைப் பார்த்தார், கடையைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"எழுதட்டோ, பிள்ளை?"

"எழுதுங்கோ, அத்தான்."

எழுதினார். வரைபடத்தில் மணி மணியாக எழுதிப் பழகிய மனிதரின் எழுத்துகள் சரிந்து விழுந்தன. காவலாளி அதைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் மனைவியை அழைத்து வந்தார். அந்த அம்மாள், தலையில் சாயம் பூசிக்கொண்டிருந்த பெண்ணொருத்தியைப் பாதியில் விட்டுவிட்டு, கையுறையோடு வந்து கடை வாசலில் நின்றாள். அவளையும் வரைந்தார். பிறகு பேக்கரி, சலவைக் கடை என்று வரிசையாகப் பெயர்கள் ஏறின.

வீட்டில் படத்தைப் பார்த்ததும் அக்கா நின்ற இடத்திலேயே நின்றாள்.

"ஆரும் கேட்டவையோ?"

"ஓம், கேட்டவை" என்றார் அத்தான்.

"என்ன கேட்டவை?"

"ஏன் பேர் எழுதேல்லை எண்டு கேட்டவர்."

அக்கா சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துக்கொண்டே போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அத்தான் கதவுக்கு வெளியே நின்றார். நான் படத்தை எடுத்துக்கொண்டு என் அறைக்குப் போய்விட்டேன்.

அந்தக் குழு இப்போது இல்லை. லிஸ்பன்காரியிடமிருந்து கடிதம் வந்து எத்தனையோ வருடங்கள். இன்று கைபேசியில் படம் எடுத்து மறு நிமிடமே உலகத்துக்குக் காட்டிவிடலாம். கீற்றுக் கீற்றாக வரும் என்று யாரும் காத்திருக்கத் தேவையில்லை. அத்தானுக்கு எழுபது கடந்துவிட்டது. போன கோடையில் யூனியன்வில் பிரதான வீதியில் அவரை ஒரு பழைய வீட்டுக்கு எதிரே இறக்கிவிட்டுக் காரை நிறுத்தப் போனேன். திரும்பி வந்தபோது அவரைச் சுற்றி ஒரு சின்னக் கூட்டம். ஐஸ்கிரீமும் கையுமாக நின்றவர்களுக்குத் தன் ஆங்கிலத்தில் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். வாங்கி வந்த தேநீரோடு எதிரே போய் நின்றேன். நிமிர்ந்து முகத்தைச் சுளித்தார்.

"கொஞ்சம் அங்கால தள்ளி நில்லும், பிள்ளை. வீட்டு நம்பரை மறைக்கிறீர்."