ஏரி வாயைச் சுத்தம் செய்தவர்கள்

ஓசூரில் கடல் கிடையாது. ஆனாலும் எங்கள் நகரில் ஒரு முகத்துவாரம் இருக்கிறது என்று என் கணவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். நாங்கள் இருவரும் தாமிரபரணி கடலில் சேரும் பக்கத்துக்காரர்கள், அதனால் அவருக்கு அந்தச் சொல்லின் மேல் ஒரு பாசம். அவர் சொல்வது, தொழிற்பேட்டையைச் சுற்றிக்கொண்டு வரும் கால்வாய் எங்கள் ஏரியில் விழும் மூலையை. இங்கே உள்ளவர்கள் அதை ஏரி வாய் என்பார்கள். நாங்கள் வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்றைக்கு அந்த வாயிலிருந்து அடித்த நாற்றத்தில், என் நாத்தனார் மதியச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் ஊருக்குக் கிளம்பிவிட்டாள்.

எங்கள் நகரில் முக்கால்வாசிப் பேர் கம்பெனிக்காரர்கள். சேலம், மதுரை, திருநெல்வேலி என்று ஒவ்வொரு வீட்டுத் தமிழும் ஒரு மாதிரி இருக்கும், நடுநடுவே தெலுங்கு வீடுகளும் கன்னட வீடுகளும் உண்டு. குடியிருப்போர் கூட்டத்தில் ஒரு சண்டை தமிழில் ஆரம்பித்து, தெலுங்கில் சூடாகி, கன்னடத்தில் சமாதானமாகும். ஏரியைச் சரிசெய்வது என்ற ஒரு விஷயத்தில்தான் எல்லோரும் சண்டை போடாமல் ஒத்துப்போனோம். ஞாயிறு காலையில் கையுறை மாட்டிக்கொண்டு இறங்குவோம். பிளாஸ்டிக் பொறுக்கினோம், ஆகாயத் தாமரையை இழுத்துக் கரையில் போட்டோம். வேலை முடிந்து எல்லோரும் கரையில் உட்கார்ந்து இட்லி சாப்பிடுவது எனக்குப் பிடித்திருந்தது. அதற்காகவே சில வாரம் போனேன் என்றும் சொல்லலாம்.

ஏரியில் மீன் குத்தகை எடுத்திருந்தவள் ஒரு தெலுங்குக்காரப் பெண். ஏரிக்கரையின் மறுபக்கம் வீடு. அவள் கணவன் ஷேர் ஆட்டோ ஓட்டினான், ஏரி முழுக்க அவள் பொறுப்பு. தினமும் விடியும்போது பரிசலில் போய் வலையை எடுப்பாள். நாங்கள் ஏரியைக் கையில் எடுத்ததும் அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. குத்தகையைப் பிடுங்கிப் படகு விடுவார்களோ, நடைபாதை போடுவார்களோ என்று. அப்படியெல்லாம் இல்லை, மீன் நன்றாக வளரத்தான் செய்கிறோம் என்று நான்தான் அவளிடம் பேசிச் சம்மதம் வாங்கினேன். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான், அந்த ஏரியிலேயே பிழைக்க வேண்டும்.

எங்கள் குழுவை நடத்தியவர் ஒரு புரொடக்‌ஷன் சூப்பர்வைசர். எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் ஃபைவ் எஸ் என்று ஒன்று உண்டு. தேவையில்லாததைத் தூக்கி எறி, மிச்சத்தை வரிசையாக வை, பளபளவென்று துடை, அதையே விதியாக்கு, அப்படியே காப்பாற்று. எனக்கு வேலை குவாலிட்டியில் என்பதால் எனக்கும் அது ரத்தத்தில் ஊறியது, வீட்டில் அஞ்சறைப் பெட்டிக்குக்கூட லேபிள் ஒட்டியிருப்பேன். அவர் ஒரு ஞாயிறு ஏரி வாயில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தார். கால்வாய் விழும் இடம் முழுக்க ஆள் உயரத்துக்குச் சம்பங்கோரை அடர்ந்து கிடந்தது. அதற்குள் கறுப்புத் தண்ணீர் எங்கே போகிறது, எங்கே வருகிறது என்றே தெரியாது. "இதான் ஏரிக்கு வந்த அடைப்பு" என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை. எங்கள் கண்ணுக்கு அது மெஷின்கள் ஓடும் ஷாப் ஃப்ளோரைக் கூட்டாமல் விட்ட மாதிரிதான் தெரிந்தது.

மீன்காரப் பெண்ணும் மறுக்கவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். கோரையில் மாட்டி வலை கிழிகிறது என்பது அவளுடைய நெடுநாள் புகார். பொக்லைன் வந்து கோரையை வேரோடு வாரியபோது, எட்டாத இடத்தில் நின்றதை அவளே பரிசலில் போய் அறுத்துக் கொடுத்தாள். வாயை ஆழமாகத் தோண்டி, இரண்டு பக்கமும் கல் பதித்து, கால்வாயை நேர்க்கோடாக ஏரிக்குள் விட்டோம். கரையில் வெள்ளையடித்த கற்களை வரிசையாக வைத்தோம். சூப்பர்வைசர் அவற்றை ஸ்கேல் வைத்து அளந்தே வைத்தார், கேலி செய்தவர்களை முறைத்தார். முடிந்ததும் எல்லோரும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். அந்தப் போட்டோவில் நடுவில் நிற்பது அவள்தான், நாங்கள் கொடுத்த தொப்பியோடு.

கோடை மழை முதல் தடவை வலுத்துப் பெய்த மறுநாள், கரையில் கூட்டமாக இருக்கிறது என்று என் கணவர் வந்து சொன்னார். போய்ப் பார்த்தால் ஏரி முழுக்க மீன் செத்து வயிறு தெரிய மிதந்தது. அதற்கு நடுவே அவள் பரிசலில் இருந்தாள். துடுப்புப் போடவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தாள். கரையிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தோம், திரும்பவில்லை. எனக்கு அழுகை வந்தது.

நடந்தது என்ன என்று எங்களுக்குச் சொன்னவர் எங்கள் தெருக்காரர்தான். ஒரு கம்பெனியில் கழிவுநீர் சுத்திகரிக்கும் பிளான்டில் ஆபரேட்டர். அதுவரை அவர் ஞாயிறு வேலைக்கு வந்ததே இல்லை, வார நாளெல்லாம் பார்க்கிற சாக்கடையை லீவு நாளிலும் பார்ப்பானேன் என்பார். அன்றைக்கு வந்து கல் பதித்த கால்வாயைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். கோரைக்குள் நுழைந்த அழுக்குத் தண்ணீர் நின்று, தேங்கி, வண்டலை இறக்கிவிட்டு, மெதுவாகத்தான் ஏரிக்குப் போயிருக்கிறது. நாங்கள் அடைப்பு என்று நினைத்து எடுத்துப் போட்டது வடிகட்டியை. மழை கழுவிக்கொண்டு வந்த அத்தனையையும் நேராக ஏரிக்குள் அனுப்ப நாங்களே வழி போட்டுக் கொடுத்திருக்கிறோம்.

அதன்பிறகு வேலை தலைகீழாக நடந்தது. பதித்த கல்லைப் பெயர்த்தோம். நேராக்கிய கால்வாயை வளைத்து வளைத்து விட்டோம். ராயக்கோட்டைச் சாலையில் ஒரு குட்டையிலிருந்து கோரைக் கிழங்கு தோண்டி வந்து, முழங்கால் சேற்றில் நின்று நட்டோம். சூப்பர்வைசர் எல்லோருக்கும் முன்னால் இறங்கினார். நேர் வரிசையில் நட வேண்டாம் என்று பிளான்ட் ஆபரேட்டர் அவரிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. கோரை பிடித்தது. அடுத்த மழைக்குத் தாக்குப்பிடித்தது. குஞ்சு மீன் தெரிந்த அன்றைக்கு நாங்கள் ஆடாத குறைதான். அதைச் சொல்ல அவள் வீட்டுக்குப் போனேன், வீடு பூட்டியிருந்தது. குத்தகையை விட்டுவிட்டார்கள், அவள் ஏதோ வேலைக்குப் போகிறாள் என்றார்கள் பக்கத்தில்.

சில வாரம் கழித்து என் கம்பெனி கேன்டீனிலேயே அவளைப் பார்த்தேன். தட்டுக் கழுவும் இடத்தில், தலைமுடியை வலைத் தொப்பிக்குள் அடக்கி நின்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மீன் வந்துவிட்டது, கோரை வந்துவிட்டது, குத்தகையைத் திரும்ப எடு, நாங்கள் எல்லோரும் உன் பின்னால் நிற்கிறோம் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவள் என் தட்டை வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"மீன் வந்தா சந்தோசம்தாங்க்கா. ஆனா நான் வரல" என்றாள்.

ஏன் என்றேன்.

"உங்களுக்கு அது ஞாயித்துக்கெழம ஏரி. எனக்கு ஏழு நாளும் ஏரி. தப்பாப் போனா நீங்க மறுபடி நட்டுக்குவீங்க. எனக்கு அன்னிக்கே அடுப்பு எரியாதுங்க்கா."

அதைக் கோபமாகச் சொல்லவில்லை, பின்னால் வந்தவர் தட்டை வாங்கக் கையை நீட்டிவிட்டாள். எனக்குத்தான் முதலில் கோபம் வந்தது. அவளும்தானே கோரையை அறுத்தாள், நாங்கள் சேற்றில் நின்று நட்டதற்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லக் கூடாதா என்று பொருமிக்கொண்டே செக்‌ஷனுக்குப் போனேன். சாயங்காலம் பஸ் ஏறும்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுக்கு மட்டும் சேதம் வருகிற ஒரு வேலையில் நாங்கள் எல்லோரும் பங்குதாரர்களாக இருந்திருக்கிறோம்.

அந்த வாரக் கூட்டத்தில் அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். சூப்பர்வைசர்தான், இனி ஞாயிறு மட்டும் என்பது வேண்டாம், நமக்குத் தெரிந்தது ஷிப்ட், ஷிப்டாகவே போடுவோம் என்றார். காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் போகும்போதும், இரவு ஷிப்ட் முடித்தவர்கள் வரும்போதும் ஏரி வாயில் நின்று தண்ணீரைப் பார்ப்பது, கோரையில் சிக்கிய குப்பையை எடுப்பது. எத்தனை நாள் நடக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் முதல் முறைக்கு என் பெயரைக் கொடுத்தேன்.

என் முறை வந்த அன்றைக்கு விடியற்காலை டிபன் பையோடு போனேன். நல்ல குளிர், ஸ்வெட்டருக்கு மேல் துப்பட்டாவைச் சுற்றியிருந்தேன். கரையில் ஒரு கழிவுநீர் டேங்கர் பின்பக்கமாக ஏரி வாய்க்கு வந்துகொண்டிருந்தது. வீடுகளின் செப்டிக் டேங்கை உறிஞ்சிக்கொண்டு வருகிற வண்டி. டிரைவர் குழாயைக் கையில் எடுத்தபோது நான் போட்ட சத்தத்தில் என் திருநெல்வேலித் தமிழ் முழுக்க வெளியே வந்துவிட்டது. அவருக்கு அதில் பாதி புரிந்திருக்காது. குழாயைக் கீழே போட்டுவிட்டு, கன்னடம் கலந்த தமிழில் ஆச்சரியமாகக் கேட்டார்.

"பரிசலம்மா இப்போ வர்றதில்லேன்னு சொன்னாங்களே?"

அத்தனை வருஷமும் இந்த வண்டிகள் ஏன் எங்கள் ஏரிக்கு வரவில்லை என்று நாங்கள் ஒருநாளும் யோசித்ததில்லை. அவள் போனதால் ஏரிக்குக் காவல் இல்லை என்பது எங்களுக்குத் தெரிவதற்கு முன்பே டேங்கர்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது. "இனிமே நாங்க வருவோம்" என்றேன். "தினமுமா?" என்று கேட்டார். எனக்கு ஏழு மணிக்கு ஷிப்ட், கம்பெனி பஸ் வரும் நேரமாகிவிட்டது. அவர் வண்டியைக் கிளப்பிப் போகும்வரை அங்கேயே நின்றேன். பஸ் போய்விட்டது.