மேகம் இல்லாத படங்கள்

நம் நாட்டு விண்வெளி நிறுவனம் தன் செயற்கைக்கோள்கள் எடுக்கும் படங்களில் ஒரு பகுதியை இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கிறது. தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் படங்களை நான் பல ஆண்டுகளாக அங்கிருந்து எடுத்துச் சேர்த்துவருகிறேன். எடுத்த நாள், நேரம், எந்தச் செயற்கைக்கோள் என்ற மூன்றையும் சேர்த்துத்தான் கோப்புக்குப் பெயர் வைப்பேன். வீட்டில் இதற்கு மரியாதை ஒன்றும் கிடையாது. பெண்ணின் கல்யாணப் படங்கள் எங்கே கிடக்கின்றன என்றே தெரியாத வீட்டில் பீர்க்கன்கரணை ஏரிக்கு மட்டும் ஆல்பம் இருக்கிறது என்பார் என் கணவர்.

சேர்க்கத் தொடங்கிய பிறகுதான் எது எங்கே சுற்றுகிறது என்பது மனதில் தங்கியது. கார்த்திகை மாதத்தில் காலைக் காபிக்கு முன்பே வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறதே, வங்கக் கடலில் வெள்ளையாகச் சுருண்டிருக்கும் மேகப் படம், அதை அனுப்பும் செயற்கைக்கோள் முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே இருக்கிறது. பூமி ஒரு முறை தன்னைச் சுற்றும் நேரத்தில் அதுவும் ஒரு சுற்றை முடிப்பதால் நமக்கு அது ஒரே இடத்தில் நிற்கிறது. மொட்டைமாடி டிஷ்கள் எப்போதும் ஒரே திசையைப் பார்த்திருப்பதும் இதனால்தான். டிவி அனுப்பும் செயற்கைக்கோள்களும் அதே உயரத்தில் நிற்கின்றன. ஆனால் அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் மேகம் தெரியும், தெரு தெரியாது. தெருவைப் பார்க்கிறவை சில நூறு கிலோமீட்டர் உயரத்திலேயே துருவத்துக்குத் துருவம் ஓடுகின்றன. அவை நம் பக்கம் வரும்போதெல்லாம் காலை பத்தரை மணி வாக்கில்தான் வரும். வெயில் ஏறக்குறைய ஒரே மாதிரி விழும் என்பதால் ஒரு படத்தை இன்னொன்றோடு ஒப்பிட அது வசதி.

இதெல்லாம் என் பொழுதுபோக்காகவே இருந்திருக்கும். என் தம்பி வீடு வாங்கக் கிளம்பியபோது அது மாறியது.

தம்பியும் அவன் மனைவியும் முடிச்சூர்ப் பக்கம் தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்தார்கள். தம்பி மனைவியின் அப்பாவும் அவர்களோடுதான் இருக்கிறார். லாரி ஓட்டியவர். சர்க்கரையில் வலது பாதத்தில் பாதி போய்விட்டது. வாக்கர் பிடித்துத்தான் நடப்பார். 2023 டிசம்பர் புயலில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி, மாடியில் வீட்டுக்காரர் ஹாலில் கொண்டுபோய் வைத்தார்கள். "நாலு பேரு தூக்கினு போனாங்க பாரு, முன்னாடி நாதஸ்வரம்தான் இல்ல" என்று அவர் அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். அவர் மகளுக்குச் சிரிப்பு வராது. படி ஈரத்தில் ஒருவர் கால் வழுக்கி நாற்காலி சாய்ந்ததை அவள் பார்த்திருந்தாள். சொந்த வீடு என்று வாங்கினால் அது அப்பாவுக்காகத் தரைத்தளமாக இருக்க வேண்டும், தண்ணீரும் வரக் கூடாது. இரண்டும் அவளுக்கு முக்கியம்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். பீர்க்கன்கரணை ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு வீடு பார்த்திருந்தான். முன்பு ஒருநாள் என்னிடம் வாங்கிப்போயிருந்த படங்களில் அந்தத் தெருவை மட்டும் வெட்டி, ஆண்டுவாரியாக ஒரே பக்கத்தில் ஒட்டிக் கொண்டுவந்திருந்தான்.

"அக்கா, எல்லாம் நீ குடுத்த படம்தான். பாரு. ஒரு வருஷம்கூட அந்தப் பக்கம் தண்ணி கெடையாது."

அழகாகத்தான் இருந்தது. ஏரி கருநீலமாக அதன் கரைக்குள் இருந்தது. வீடு இருக்கும் இடம் எல்லாப் படத்திலும் காய்ந்த பழுப்பு.

"தேதி எங்கடா?"

"ஓரத்துல இருந்துச்சு. வெட்டும்போது போயிடுச்சு. தேதி எதுக்கு? வருஷம்தான் போட்டிருக்கேனே."

மூலப் படங்களைத் திறந்தேன். தை, மாசி, மாசி, பங்குனி, சித்திரை. ஐப்பசியிலோ கார்த்திகையிலோ எடுத்தது ஒன்றுகூட இல்லை. அவன் மீது தவறில்லை. என் சேகரிப்பே அப்படித்தான் இருந்தது. மழைக் காலத்தில் பத்தரை மணிக்கு மேலே வரும் செயற்கைக்கோளுக்குத் தெரிவது மேகத்தின் முதுகு மட்டும். அந்த வெள்ளைப் படங்களை யார் சேமித்துவைப்பார்கள்? தெளிவானதாகப் பார்த்துப் பார்த்து எடுத்துவைத்ததில், மழை பெய்யாத நாட்களை மட்டும் சேர்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்து ஆட்கள் மனை பார்க்கப் போவதும் இதே மாதங்களில்தான். பொங்கல் முடிந்து, வெயில் ஏறி, தெரு காய்ந்த பிறகு.

இதைச் சொன்னதும் தம்பியின் முகம் மாறியது. "அப்ப உன்கிட்ட இருக்கறது எல்லாம் வேஸ்ட்டா?"

"மழையில பாக்கறது வேற ஒண்ணு இருக்கு."

ரேடார் செயற்கைக்கோள் வெயிலை நம்பியிருப்பதில்லை. தானே அலையை அனுப்பி, அது திரும்பி வருவதை வைத்துப் படம் வரைகிறது. மேகம் அதற்குத் தடையில்லை, இருட்டும் இல்லை. காலை ஆறு, மாலை ஆறு வாக்கில் நம் பக்கம் வரும். பார்க்க நன்றாக இருக்காது, சிமெண்டுத் தரையில் உப்பைக் கொட்டியதுபோல் இருக்கும் என்பதால் அதுவரை நான் அந்தப் பக்கம் போனதில்லை. கட்டடங்கள் அதில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். அசையாமல் தேங்கிய நீர் கறுப்பு.

அந்த டிசம்பர் புயலை ஒட்டிய படம் ஒன்று கிடைத்தது. ஏரியின் கறுப்பு கரையோடு நிற்கவில்லை. காலி மனைகள் வழியாக நீண்டு, தம்பி பார்த்த தெருவின் பின்பக்கம் வரை வந்திருந்தது. அதற்கு மேல் வீடுகளின் வெள்ளை. வெள்ளைக்குள் என்ன நடந்தது, தண்ணீர் வாசலில் நின்றதா உள்ளே போனதா என்று அந்தப் படத்தால் சொல்ல முடியாது. ஒரு வீட்டைப் பிரித்துக் காட்டும் அளவு கூர்மை அதற்கு இல்லை. இதையும் தம்பியிடம் சொன்னேன்.

அடுத்த வாரம் அவனோடும் அவன் மனைவியோடும் நானும் போனேன். தரகர் எங்களுக்கு முன்பே வந்து கேட்டைத் திறந்துவைத்திருந்தார். நான் போனில் ரேடார் படத்தைக் காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னா மேடம், ஸ்கேன் எடுத்துகினு வந்துகிறீங்க? வூட்டுக்குக் கொழந்த எதுனா கீதா?"

"சார், 2023-ல இந்த வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சா, இல்லையா?"

"அந்த வருஷம் எங்க மேடம் வரல? ஏர்போர்ட்லயே வந்துச்சு. இங்க வந்துச்சு, போய்ச்சு. நிக்காது மேடம், நிக்கவே நிக்காது."

தம்பி மனைவி தெருவில் நடந்தாள். திரும்பி வந்து, "அண்ணி, இங்க வாங்க" என்று கூப்பிட்டாள். அந்தத் தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் கரண்ட் மீட்டர் பெட்டி ஆள் உயரத்துக்கு மேலே இருந்தது. பழைய பெட்டி இருந்த இடம் இடுப்பளவில் சிமெண்டு பூசி அடைத்துக் கிடந்தது. நாங்கள் பார்க்க வந்த வீட்டில் மட்டும் அந்த இடத்தில் புது பெயிண்ட்.

"ரீடிங் எடுக்க வர்றவரு ஸ்டூல் கொண்டு வருவாரா சார்?" என்று அவள் தரகரிடம் கேட்டாள். அவர் கேட்டைப் பூட்டும் வேலையில் இருந்தார்.

அன்று சாயங்காலம் முடிச்சூர் வீட்டில் லாரி ஓட்டிய பெரியவர் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அப்ப இத்தினி நாளா உன் சாட்டிலைட்டு மழையில கொடை புடிச்சிகினு போய்ச்சாம்மா?"

"ஆமா மாமா. வேற ஒண்ணுதான் நனைஞ்சுக்கிட்டு வந்து பாத்திருக்கு."

"சரி. இந்தப் பக்கம் கீழ் வூடு வாங்கினா எல்லாத்துலயும் இப்படித்தான் வரும்?"

"எல்லாத்துலயும்னு சொல்ல முடியாது மாமா. மேடான எடமும் இருக்கு. அது இவங்க சக்திக்கு மேல."

மகளைப் பார்த்தார். "மாடி பாரு."

"அப்பா, மாடின்னா நீ எறங்கவே முடியாது. டீக்கடைக்குப் போக முடியாது. நாலு பேரப் பாக்க முடியாது."

"ஒரு தபா ஏத்திடு. வருஷா வருஷம் தூக்கினு போறதுக்கு ஒரு தபா தூக்கறது மேல்."

அவள் உள்ளே போய்விட்டாள். அவர் சொன்னதில் கணக்குச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் டீக்கடை அவருக்கு என்ன என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஆவணியில் பெருங்களத்தூரில் முதல் மாடி வீடு ஒன்று வாங்கிக் குடிபோனார்கள். லிஃப்ட் இல்லை. தெருப் பக்கம் பால்கனி இருக்கிறது, எதிரே ஒரு டீக்கடையும். டிஷ்ஷைப் பால்கனிக் கம்பியில் மாட்டியிருந்தார்கள். அதன் பக்கத்தில் பெரியவரின் நாற்காலி. முதல் வாரத்திலேயே கயிற்றில் ஒயர் கூடை கட்டிக் கீழே விட்டு, பிளாஸ்கில் டீ வாங்க ஏற்பாடு செய்துகொண்டுவிட்டார். கடைக்காரருக்கும் அவருக்கும் கத்திப் பேசியே பழக்கமாகிவிட்டது.

கார்த்திகையில் நல்ல மழை பிடித்தது. இணையதளத்தில் பார்த்தேன். அந்த நாட்களில் ரேடார் செயற்கைக்கோளின் பாதை எங்கள் ஊர் மேல் விழவில்லை. மேகப் படம் இருந்தது, ஏரியின் படம் இல்லை. மழை விட்ட ஒரு காலையில் தம்பி வண்டியில் ஏரிப் பக்கம் போய் வந்தான். அந்த வீட்டை யாரோ வாங்கியிருந்தார்கள். கேட்டில் மாவிலைத் தோரணம் வாடாமல் இருந்தது, அதற்குக் கீழே மணல் மூட்டை அடுக்கியிருந்தது என்றான்.

அன்று சாயங்காலம் பெரியவர் போன் செய்தார். பின்னால் மழைச் சத்தம்.

"இன்னாம்மா, மேல இருந்து எதுனா தெரியுதா?"

"இல்ல மாமா. இன்னிக்கு இந்தப் பக்கம் எதுவும் வரல."

"இங்க எல்லாம் தெரியுது. தெருவுல முட்டிக்கால் தண்ணி. கடக்காரன் லுங்கிய மடிச்சுக் கட்டிகினு நடுத் தண்ணில நின்னு கூடைய வாங்கினான். டீ சூடாத்தான் வந்துச்சு. அவன் கடைக்குள்ள பூந்துடும்போல கீது. மேல வாடான்னா கேக்க மாட்டேன்றான்."

போனை வைக்காமலேயே அவர் கீழே பார்த்துக் கத்த ஆரம்பித்தார்.