சண்டை இல்லாத பஸ்

இந்த வாரம் எடுத்த எடுப்பிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன் — நான் ஓர் அடிமுட்டாள். 'தெரிந்த விஷயம்தானே, இதற்கு ஒரு பக்கமா?' என்று கேட்கும் பழைய வாசகர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். இந்தத் தடவை செய்தது கொஞ்சம் ஸ்பெஷல்.

மகாபலிபுரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் காலை பஸ்ஸில், திருக்கழுக்குன்றத்தில் ஏறும் ஆபீஸ் கும்பலில் நானும் ஒருவன். கண்டக்டர் கன்னியப்பன். அவர் தொண்டை இருக்கிறதே... ஹாரன் ரிப்பேரான நாட்களில் டிரைவர் அதை நம்பித்தான் வண்டி ஓட்டுவார். ஏறும்போது ஒரு சண்டை, இறங்கும்போது ஒரு சண்டை. எங்களுக்கெல்லாம் அதுதான் நாஸ்தா.

அந்தக் கன்னியப்பன் சித்திரை மாதத்தில் உயிரை விடப் பார்த்தார். எப்படி என்பது வேண்டாத விவரம். பிழைத்தார் — அதுதான் செய்தி. ஏன் அப்படிச் செய்தார் என்கிறீர்களா? ஒரே ஒரு காரணத்தைச் சொல்லிவிட்டால் நம் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அப்படி ஒன்று இல்லை. மாதக்கணக்கில் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, எதைப் பார்த்தாலும் வெறுப்பு. தினம் அவரிடம் டிக்கெட் வாங்கிய எனக்கு அது தெரியவே இல்லை!

போலீஸ் கேஸாகிவிடுமோ என்று பயந்து, வீட்டார் ஊருக்கு 'வயிற்று வலி' என்றார்கள். நல்லவேளை, பட்டணத்தில் மனநோய் பார்க்கும் டாக்டரிடம் மட்டும் உண்மையைச் சொன்னார்கள். சில வாரம் ஆஸ்பத்திரி. "மாசம் ஒரு தடவை வந்து என்னைப் பார்க்கணும். மாத்திரையை நிறுத்தக் கூடாது" என்று சொல்லி அனுப்பினார் டாக்டர். ஆடியில் மறுபடி டூட்டி. அதற்குள் அது என்ன 'வயிற்று வலி' என்பது பஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது.

இங்கேதான் அடியேன் மேடை ஏறினேன். அவர் வருவதற்கு முந்தின நாள் பஸ்ஸில் எழுந்து நின்று ஒரு பிரசங்கம். "நாளையிலிருந்து கன்னியப்பனை யாரும் ஒரு வார்த்தை அதட்டக் கூடாது. எதிர்த்துப் பேசக் கூடாது. மனசு கண்ணாடி மாதிரி!"

மீன் கூடைக்காரி எல்லம்மா மட்டும் முணுமுணுத்தாள். "வாய தொறக்காம நான் எப்டி சார் வர்றது? கூடைய கூரை மேல போடுன்னுவாரே!"

"போடு. வாயைத் திறக்காதே."

நான் சொல்லி இதுவரை யாராவது கேட்டதுண்டா? என் வீட்டில் நாய்கூடக் கேட்டதில்லை. இந்த ஒரு தடவை பஸ் முழுக்கக் கேட்டுத் தொலைத்தது.

மறுநாள் முதல் எல்லோரும் பரீட்சைக்குப் போகிற பையன்கள் மாதிரி வாய்மூடி உட்கார்ந்தார்கள். பின் சீட்டில் சிரிப்பு கேட்கும். அவர் கிட்டே வந்ததும் நின்றுவிடும். ஒரு புண்ணியவான் எழுந்து அவருக்கே இடம் கொடுத்தார் — கண்டக்டருக்கு! எனக்கோ பெருமை தாங்கவில்லை.

ஐப்பசியில் ஒருநாள் அவர் மனைவி தனம் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ரெண்டு மாசமா டாக்டராண்ட போவல சார். மாத்திரையும் துன்றதில்ல. மறுபடியும் தூக்கம் பூட்ச்சி. கேட்டா, 'எல்லாம் நல்லாத்தான் கீது'ன்றாரு. மொதல் வாட்டியும் இப்டித்தான் சார் சொன்னாரு."

மறுநாளே இருவருமாக அவரைக் கூட்டிக்கொண்டு பட்டணத்துக்கு ரயில் ஏறினோம்.

"ஏன் கன்னியப்பா போகலை?"

"போயி இன்னா சார் ஆவப்போவுது? நான் தேற மாட்டேன்னு ஊருக்கே தெரிஞ்சி போச்சே."

"யார் சொன்னது?"

"யாருமே ஒண்ணும் சொல்லல. அதான் சொல்றேன்! ஒருத்தன் என்னாண்ட சண்டைக்கு வர மாட்டேன்றான். எல்லம்மா கூடைய தானா மேல போடுது சார்... எல்லம்மா! அப்பவே தெரிஞ்சிகினேன், நம்மள செத்தவன் லிஸ்ட்ல சேத்துட்டானுங்கன்னு. அப்பறம் மாத்திரை துன்னா இன்னா, துன்னாட்டி இன்னா?"

சீட்டுக்கு அடியில் புகுந்துகொள்ளலாமா என்றிருந்தது. என் பிரசங்கத்தை ஒப்புக்கொண்டேன். தாம்பரம் வரை திட்டினார். என்னவென்று எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். தனம் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரித்தாளா, அழுதாளா என்று நான் பார்க்கவில்லை.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, 'ஜுரம் இருக்கா?' என்பது போல நிதானமாகக் கேட்டார்: "செத்துப் போகணும்ங்கிற நினைப்பு மறுபடி வந்துதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கன்னியப்பன் அசையவில்லை.

"போன வாரம் வந்திச்சி டாக்டரே."

தனம் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் பத்து நாள் தங்கிப் போகச் சொன்னார், மருந்தையும் மாற்றினார். நான் அவரைத் தனியாகப் பிடித்து, "அப்படிக் கேட்கலாமா? இல்லாத நினைப்பை நாமே கிளப்பினதாக ஆகாதா?" என்றேன்.

"ஆகாது. நீங்க யாரும் கேட்காததாலதான் அவர் தனியா சுமந்துக்கிட்டு இருந்தார். கேளுங்க. 'ஆமாம்'னா உடனே கூட்டிட்டு வாங்க. இது நாலு மாசத்தில் முடியற காரியம் இல்லை, வருஷக்கணக்காப் பார்க்கணும். பார்த்தா நல்லா இருப்பார்." கொஞ்சம் நிறுத்தி, "பஸ்ஸில் சண்டையும் போடுங்க" என்றார்.

யோசித்துப் பாருங்கள். கால் ஒடிந்தவனை, கட்டுப் பிரித்து ஆறு மாதம் ஆன பிறகும், 'வலி எப்படி?' என்று வழியில் நிறுத்தி விசாரிக்கிறோம். மனசு நொந்தவன் பிழைத்து வந்தால் மட்டும், சாமிக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, வாயைத் தைத்துக்கொள்கிறோம். அதற்கு நாகரிகம் என்று பெயர் வேறு! பயம் என்று சொன்னால் சரியாக இருக்கும்.

போன வாரம் கன்னியப்பன் டூட்டிக்குத் திரும்பினார். என் தடையுத்தரவை நானே ரத்து செய்துவிட்டேன். எல்லம்மா அதற்காகவே காத்திருந்தவள்போல ஆரம்பித்தாள்.

"யோவ், கூரை மேல வெச்சா காக்கா துன்னுட்டு பூடும். நீயா மீனு குடுப்ப?"

"மேல போடுறியா, உன்னியும் சேத்துப் போடட்டா?"

பஸ்ஸே சிரித்தது. அந்தச் சத்தத்தில் நானும் தைரியம் வரவழைத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி அவர் காதருகே போய், மெதுவாகக் கேட்டேன்: "கன்னியப்பா... அந்த நினைப்பு மறுபடி வந்துதா?"

என்னை ஒரு நிமிஷம் ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்த வாரம் வர்ல, வந்தா உன்னாண்ட சொல்றேன் — படிய வுட்டு உள்ள போ சார்!"