அண்ணனுக்கென்று படுக்கவைத்த ஒயின்

காலை பத்து மணிக்கு வாய் நிறைய ஒயினை வைத்துக்கொண்டு பேசாமல் நிற்பதற்கு எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். தென் பிரான்சில், ரோன் ஆற்றிலிருந்து சற்றுத் தள்ளி, கல் மண்டிக் கிடக்கும் ஒரு திராட்சைத் தோட்டத்தின் நிலவறையில் வேலை. அந்த அறையை 'காவ்' என்பார்கள். கோடையிலும் உள்ளே போனால் ஸ்வெட்டர் வேண்டும். நாங்கள் நான்கு பேர் பீப்பாயைச் சுற்றி நின்று ஆளுக்கொரு வாய் எடுப்போம், பல்லிடுக்கில் சுழற்றுவோம், உதட்டைக் குவித்துக் காற்றை உறிஞ்சுவோம், பிறகு வாளியில் துப்பிவிடுவோம். விழுங்கினால் மதியத்துக்குமேல் நாக்கும் வேலை செய்யாது, ஆளும் வேலை செய்ய மாட்டான். இதை நான் முதன்முதலாக போனில் விளக்கியபோது திருவண்ணாமலையை அடுத்த அடி அண்ணாமலை கிராமத்தில் இருக்கும் என் அம்மா, "கீழ துப்பறதுக்கா உனக்கு காசு குடுக்கறான்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் நம்பவில்லை. இன்றுவரை நான் அங்கே பெருக்கித் துடைக்கிற வேலையில் இருப்பதாகத்தான் நினைக்கிறாள் என்று சந்தேகம்.

இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை மதியம் தாத்தா, மருமகள், தேவாலயத்துச் சாமியார் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒயின் குடிக்கிறார்கள். ஒரு புட்டியை ஆறு பேர் இரண்டு மணி நேரம் குடிப்பார்கள். எங்கள் ஊரில் ஒரு குவார்ட்டரை ஒருவன் இரண்டு நிமிடத்தில் முடிப்பான். செய்தித்தாளில் சுற்றி, இடுப்பில் செருகி, ஏதாவது ஒரு காம்பவுண்டு சுவருக்குப் பின்னால் நின்று, தண்ணீர் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கு. பிறகு கிராம்பு. குடிக்காதவர்கள் எங்கள் தெருவில் குறைவு, குடிக்கிறேன் என்று ஒப்புக்கொள்கிறவர்கள் அதைவிடக் குறைவு. நான் ஒப்புக்கொண்டதோடு விட்டேனா, அதையே பிழைப்பாகவும் வைத்துக்கொண்டேன். அதற்குத்தான் ஏழுமலை எனக்கு ஒரு தண்டனையைக் கொடுத்தான்.

ஏழுமலை என் பெரியப்பா மகன். எங்கள் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். வயதில் மூத்தவன், 'அவர்' என்று எழுத வேண்டும். எழுத மாட்டேன். பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில் எங்கள் வீட்டு எதிரே பந்தல் போட்டு, மலை சுற்றி வருகிறவர்களுக்குச் சாம்பார் சாதம் போடுகிறவன் அவன். நெற்றி நிறைய விபூதி, வெள்ளை வேட்டி, கையில் கரண்டி. குவார்ட்டரும் கிராம்பும் அவனுக்கு அன்றாட வழக்கம் என்பது எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து தெரியும். ஆனால் அம்மா முதல் தெருக்காரர்கள் வரை எல்லோருக்கும் அவன் பௌர்ணமியன்று வெங்காயம்கூடத் தொடாதவன்.

ஆறு வருடத்துக்கு முன்பு, இங்கே திராட்சை அறுவடை நடந்துகொண்டிருந்தபோது, அப்பா இறந்துபோனார். நான் ஒரே மகன். அழுதுகொண்டே ஏழுமலைக்கு போன் செய்து, ஐஸ் பெட்டி வாடகைக்கு எடுத்து வைக்கச் சொன்னேன், நாளைக் காலை வந்துவிடுவேன் என்றேன். "நீ வாடா தம்பி, நான் பாத்துக்கறேன்" என்றான். சென்னையில் இறங்கி, கார் பிடித்து, திண்டிவனம், செஞ்சி, கீழ்பென்னாத்தூர் என்று ஒவ்வொரு ஊராக எண்ணிக்கொண்டு வந்து சேர்ந்தால், வாசலில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட்டார்கள். கொள்ளி வைத்தவன் ஏழுமலை. மொட்டைத் தலையோடு என்னைக் கட்டிக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னான்: "சாராயம் காய்ச்சற கையால எனக்குக் கொள்ளி வேணாம்னு சித்தப்பாவே சொல்லிட்டுப் போயிட்டாருடா. நான் இன்னா பண்ணுவேன்?" அவன் வாயில் கிராம்பு மணத்தது. கிராம்புக்கு அடியில் பிராந்தி. பீப்பாய் பீப்பாயாக முகர்ந்து பழகிய மூக்கு, தவறாது.

அப்பா அப்படிச் சொன்னாரா என்று அம்மாவைக் கேட்டேன். "நான் அடுப்பாண்ட இருந்தேன்டா, எனக்கு இன்னா தெரியும்" என்றாள். அந்த ஒரு பதிலைத்தான் நான் இங்கே திரும்பி வரும்போது எடுத்து வந்தேன். அப்பா என்னை வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டார், ஏழுமலை பொய்யன் என்று என் அம்மா தெரிந்துகொள்ள வேண்டும், ஊர் பார்க்கத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கட்டுரை கடைசியில் நான் மன்னித்துவிட்டேன் என்று முடியும் என எதிர்பார்ப்பவர்கள் இப்போதே வேறு வேலை பார்க்கப் போகலாம்.

அந்த வருடத்துத் திராட்சையில் செய்த ஒயின் நன்றாக வந்துவிட்டது. எங்கள் பக்கத்து ஒயின் ஒரே திராட்சையில் செய்வதில்லை. கிரெனாஷ் சூட்டையும் சதையையும் கொடுக்கும், சிரா நிறத்தைக் கொடுக்கும், மூர்வெத்ர் மெதுவாக வேலை செய்து வருடக்கணக்கில் தாங்க வைக்கும். மூன்றையும் எந்த அளவில் கலப்பது என்று மேசையைச் சுற்றி உட்கார்ந்து சண்டை போடுவோம். நான் சிராவைக் கூட்டச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தேன். முதலாளி ஜில்பேர், எழுபதைத் தாண்டியவர், ஒத்துக்கொண்டார். மையைப்போலக் கறுத்த ஒயின். எங்களுக்கு வருகிற பங்கில் நான் ஒரு பெட்டி எடுத்து, காவின் மூலையில், தக்கை காயாதபடி புட்டிகளைப் படுக்கவைத்தேன். வருடம் ஒன்றைத் திறந்து பார்ப்பேன். முதல் வருடம் பாக்கை மென்ற மாதிரி ஈறெல்லாம் இழுத்தது. அடுத்தடுத்து இளகிக்கொண்டு வந்தது. துவர்ப்பு பட்டாகி, உள்ளேயிருந்து மிளகும் புகையும் எட்டிப் பார்த்தன. எனக்குள் இருந்தது மட்டும் கொஞ்சமும் இளகவில்லை.

எப்படிப் பழிவாங்குவது என்று எனக்குக் காட்டியது குளியலறைக் கண்ணாடி. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குப் பல்லும் உதடும் சாயங்காலம் ஊதாவாகிவிடும். சிரா அதிகமிருந்தால் இன்னும் மோசம். வாய் கொப்பளித்தாலும் அன்றைக்குள் போகாது. புளிப்பு ஏதாவது சாப்பிட்டிருந்தால் பல் இன்னும் நன்றாகச் சாயம் பிடிக்கும். ஒரு நாள் பல் துலக்கும்போது சட்டென்று பிராந்தியை நினைத்தேன். பிராந்தி வாயில் நிறம் வைக்காது, வாசனையைத்தான் வைக்கும், அதற்குக் கிராம்பு போதும். ஏழுமலை இத்தனை வருடம் மறைத்தது வாசனையைத்தான். வாயில் நிறம் ஏறும் என்பது அவன் அனுபவத்திலேயே கிடையாது.

போன மாசியில் ஒரு புட்டியைத் திறந்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது, விளிம்பில் ஊதா குறைந்து செங்கல் நிறம் தொடங்கியிருந்தது. நல்ல ஒயினுக்கு அது நல்ல அறிகுறி. நிறம் மெல்ல வண்டலாகக் கீழே இறங்கி, மேலே ருசி தெளியும். இன்னும் நான்கு வருடம் வைத்தால் அமிர்தம், ஆனால் பல்லில் ஒட்டாது. ருசியா, கறையா என்று ஒரு வாரம் யோசித்தேன். கறை. இரண்டு புட்டிகளை எடுத்துத் துணியில் சுற்றும்போது ஜில்பேர் பார்த்துவிட்டார். யாருக்கு என்றார். அண்ணனுக்கு என்றேன், பெரியப்பா மகன் என்பதற்கு அவர்கள் மொழியில் வேறு சொல், அதைத் தேடப் பொறுமையில்லை. இன்னும் பொறுக்கணுமே என்றார். பொறுக்க நேரமில்லை என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. அண்ணன் சாகக் கிடக்கிறான் என்று எடுத்துக்கொண்டார். என் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து, கடைசியில் சகோதரர்கள்தான் மிஞ்சுகிறோம் என்று கண்கலங்கினார். நான் திருத்தவில்லை.

வழக்கமாக நான் ஊருக்குப் போவது தை மாதத்தில், இங்கே வேலை ஓய்ந்த பிறகு. இந்த முறை ஆடிப் பௌர்ணமிக்குப் போனேன். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில் ஏசி அறை எடுத்து, குளிரைக் கடைசிவரை இறக்கி, புட்டிகளைக் கட்டிலில் படுக்கவைத்து நான் கம்பளி போர்த்தித் தரையில் தூங்கினேன். அறை பெருக்க வந்த அம்மாள் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டுக் கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போய்விட்டார். பௌர்ணமியன்று மதியம் ஏழுமலையை அழைத்தேன். வெளிநாட்டுச் சரக்கு என்று ஒரு வார்த்தை சொன்னதுதான், சாம்பார் கொதித்துக்கொண்டிருப்பதை விட்டுவிட்டு பைக்கில் வந்து சேர்ந்தான்.

"இன்னாடா தம்பி, சரக்குக்கு ஏசி ரூமா?"

"சூட்டுல கெட்டுப்பூடும்ணா."

ஊற்றினேன். கண்ணாடிக் கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்து, "சோடா இல்லியா?" என்றான். கூடாது என்றேன். "வெறுஞ்சரக்கா? ஜாஸ்தியா ஏறிடப்போவுது. சாயங்காலம் பந்தல்ல நிக்கணும்டா."

"பிராந்தியோட பாத்தா கம்மிதான்ணா. ஆனா மடக்குனு முழுங்கக் கூடாது. வாயில வெச்சி சுத்துங்க. பல்லு, ஈறு, நாக்குக்கு அடியில எல்லாம் படணும். அப்பதான் டேஸ்ட்டு தெரியும்."

சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. எந்த மாணவனும் இவ்வளவு ஒழுங்காகக் கற்றுக்கொண்டதில்லை. வாயில் வைத்து, கண்ணை மூடி, கொப்பளிப்பதுபோலச் சுழற்றினான். "பாக்கு கடிச்ச மாரி தொவக்குது. ஆனா உள்ள ஒரு இனிப்பு கீது பாரு" என்றான். சரியான மதிப்பீடு, அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. தொட்டுக்கொள்ள நார்த்தங்காய் ஊறுகாய் வாங்கி வைத்திருந்தேன், புளிப்புக்காக. நானும் சேர்ந்து குடித்தேன். என் வாயைப் பார்த்தவர்கள் அவன் வாயையும் பார்த்து இரண்டையும் முடிச்சுப் போட வேண்டும் என்பது என் திட்டம். கடைசிக் கிண்ணத்தில் அடி வண்டலைக் கலக்கி அவனுக்கே ஊற்றினேன். கிராம்பு, ஏலக்காய் இரண்டையும் மென்றான், முகம் கழுவினான், விபூதி பூசினான். கீழே பைக் கண்ணாடியில் விபூதிப் பட்டையைச் சரிபார்த்துக்கொண்டான். வாயைத் திறந்து பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை. பின்னால் உட்கார்ந்து போகும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுதுவதற்கு வெட்கப்படவில்லை. என் கல்யாணத்தன்றுகூட அப்படி இருந்ததில்லை.

பந்தலில் டியூப்லைட் போட்டிருந்தார்கள். மலை சுற்றுகிறவர்கள் கூட்டம் கூட்டமாக வர ஆரம்பித்திருந்தார்கள். அம்மா ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பாக்குமட்டைத் தட்டுகளைத் துடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஏழுமலை கரண்டியை எடுத்தான், முதல் தட்டில் சாதத்தைப் போட்டான், சிரித்தான். ஊதா. பல் அத்தனையும் ஊதா, உதட்டோரம் இரண்டு கோடு. வரிசையில் நின்ற தெருக்காரப் பெண்மணி ஒருவர் தலையைச் சாய்த்து அவன் வாயைப் பார்த்தார்.

"இன்னா ஏழுமல, வாயெல்லாம் நாவப்பழமா?" என்று கேட்டார்.

ஆடி மாதம். கிரிவலப் பாதை நெடுக, கூடை கூடையாக, உப்பு தூவி நாவல்பழம் விற்கிறார்கள். பந்தலில் நின்ற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு நாக்கு ஊதாதான். அப்பா சாவுக்கு வந்தது தவிர, பதினொரு வருடமாகத் தையில் வந்து தையில் திரும்பியவனுக்கு அது மறந்துபோயிருந்தது. இந்த ஒயினை முகர்ந்து கஸ்ஸிஸ் என்றும் ம்யூர் என்றும், சிறுவயதில் கண்ணால் பார்த்திராத பழங்களின் பெயரையெல்லாம் சொல்லியிருக்கிறேன். நாவல்பழம் என்று ஒரு முறை தோன்றியிருந்தால் போதும், இந்தத் திட்டத்தையே போட்டிருக்க மாட்டேன். ஏழுமலை ஒரு கணம் விழித்தான். விரலால் உதட்டைத் தடவி விரலைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். புரிந்துவிட்டது. "ஆமாக்கா, வழியில வித்துக்னு இருந்தா, ரெண்டு வாங்கிப் போட்டேன்" என்று முன்பைவிட அகலமாகச் சிரித்தான். அந்த அம்மாள் தட்டோடு திரும்பி என்னைப் பார்த்தார். என் உதட்டைப் பார்த்தார். "பாபு, குடிச்சிட்டா வந்துக்கற? பௌர்ணமியும் அதுவுமா, சாமி பாதையில?"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "அவரும்தான் குடிச்சாரு! என்கூட, ஒரே புட்டியில!" என்று கத்தினேன். வரிசை திரும்பியது. அம்மா ஸ்டூலிலிருந்து எழுந்தாள். "ஏழுமல தின்னது நாவப்பழம்தான். நான்தான் வாங்கிக் குடுத்தேன்" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. அவள் அன்று வீட்டைவிட்டு எங்கும் போகவில்லை, ஒரு பழமும் வாங்கவில்லை.

பிறகு என் சட்டையைப் பிடித்துப் பந்தல் மூங்கிலுக்குப் பின்னால் இழுத்துப் போனாள். "எனக்கு மூக்கு இல்லன்னு நெனச்சியாடா? அவன் குடிக்கறது எனக்குத் தெரியாதா?" குரல் தணிந்தது. "நெஞ்சு வலின்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்னு ஓடறவன் அவன். நாளிக்கு நான் பூட்டா எடுத்துப் போடப்போறதும் அவன்தான். நீ பிளேன்ல இருப்ப."

"அப்பா அப்டி சொன்னாராம்மா?"

"சொல்லல."

ஆறு வருடம் நான் காத்திருந்த சொல் அது. இவ்வளவு கேட்டும் எனக்கு மனம் ஆறவில்லை. இதை அங்கே வந்து சொல்லம்மா, எல்லோரும் கேட்கச் சொல் என்றேன். அவள் முந்தானையால் என் உதட்டை அழுத்தித் துடைத்துப் பார்த்தாள், கறை போகவில்லை. "சொல்ல மாட்டேன். வந்து சாப்டு" என்று என் கையில் ஒரு தட்டைக் கொடுத்து வரிசையில் நிறுத்திவிட்டு ஸ்டூலுக்குத் திரும்பிவிட்டாள்.

எனக்கு முன்னால் மலை சுற்ற வந்த யாரோ வெளியூர்க்காரர்கள், பின்னாலும் அப்படித்தான். வரிசை நகர்ந்து ஏழுமலை முன்னால் போய் நின்றேன். அவன் கரண்டி நிறைய அள்ளி என் தட்டில் போட்டான். "போதுமா தம்பி?" என்று பல் தெரியக் கேட்டான். போதாது என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்வதற்கு வாயைத் திறக்க வேண்டும். இரண்டு பேர் வாயிலும் இருந்தது ஒரே புட்டி, அவன் திறந்தால் பழம், நான் திறந்தால் சாராயம். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு தட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினேன்.