கத்தியைத் தொடக் கூடாத வருடம்

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலம். அவர்களுடைய மருத்துவப் பள்ளியில் நான் கடைசி வகுப்பில் இருந்தபோது அந்த உத்தரவு வந்தது. அறுவை சிகிச்சையில் மேற்பயிற்சி பெற விரும்புகிறவர்கள் முதலில் ஒரு வருடம் கிராம வைத்தியசாலையில் வேலை பார்க்க வேண்டும். அந்த வருடம் முழுவதும் சீழ்க்கட்டியைக் கீறுவதைத் தவிர வேறெதற்கும் கத்தியை எடுக்கக் கூடாது. அதற்கு முன்பெல்லாம் பெரிய டாக்டரின் பக்கத்தில் நின்று பார்த்தே தொழிலைக் கற்றோம். வகுப்பே கொதித்தது. பிரெஞ்சில் மனு எழுதினோம். பதில் இல்லை. அறை நண்பன் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. "போன வருசம் நம்மாளு ஒருத்தன் அவசரப்பட்டு அறுத்து ஒரு பொம்பள செத்துதே, மறந்துட்டியா?" என்றான். ஒரு வாரம் அவனோடு நான் பேசவில்லை.

என்னைப் பாகூருக்கு அனுப்பினார்கள். இரண்டு அறை, ஒரு கம்பவுண்டர், மலேரியாக் காய்ச்சலுக்குக் கொய்னா பாட்டில்கள். அனுமதி இல்லாமல் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. மழை பிடித்துக்கொண்டால் பேசவும் ஆளில்லை. நான்காம் மாதமே நாட்களை எண்ணத் தொடங்கிவிட்டேன்.

ஒரு நாள் காலையில் கரும்பு வெட்டும் ஒருவரைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். குடலிறக்கம். கவட்டில் தேங்காய் அளவு வீக்கம், ஓயாத வாந்தி. உள்ளே தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை.

"டவுனு ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போவணும்" என்றேன்.

"அதுக்குள்ள இன்னா ஆவுமோ! நீங்களே அறுத்துவுடுங்க ஐயா. நீங்களும் டாக்டரு தான?" என்றாள் அவர் மனைவி.

"எனக்கு அனுமதி இல்லம்மா."

"யாரு குடுக்கணும்?"

"டவுன்ல இருக்கறவங்க."

"அவங்க இங்க இல்லியே ஐயா."

கம்பவுண்டர் மெதுவாகக் கேட்டார்: "தண்ணி கொதிக்க வைக்கவா?"

அந்த அறுவையை ஏழெட்டு முறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஆனால் அவர் கேட்டதும் என் விரல்கள் நடுங்கின. உத்தரவு நினைவுக்கு வந்தபோது கோபம் வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. "வண்டி பூட்டச் சொல்லுங்க" என்றேன்.

நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். பாகூருக்கும் டவுனுக்கும் நடுவே இங்கிலீஷ்காரன் மண் குறுக்கிடும். வழியில் அவனுடைய எல்லைச் சாவடி. கடத்தல் சரக்கு இருக்கிறதா என்று வைக்கோலைக் கிளறிப் பார்க்க, வலியில் அலறியவரைப் புரட்டினார்கள். நான் கத்தினேன். யாரும் காதில் வாங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில் சாய்ந்துவிட்டது. கறுத்துப்போன குடலில் ஒரு பகுதியை வெட்டியெடுத்துத் தைத்தார்கள். மனிதர் பிழைத்துக்கொண்டார்.

பெரிய டாக்டர் என்னை மாணவர்கள் முன்னால் நிறுத்தினார். "இவன் கை வைக்கவில்லை, அதனால்தான் ஆள் உயிரோடு இருக்கிறார். உத்தரவு எதற்கென்று இப்போது புரிகிறதா?" என்றார். அதே மூச்சில், எல்லை தாண்டியதற்காக என் கிராம வாசத்தை மூன்று மாதம் நீட்டினார். வெளியே வந்ததும் டவுனில் இருந்த வகுப்பு நண்பர்கள் சூழ்ந்துகொண்டார்கள். உத்தரவால் ஓர் உயிர் போகப் பார்த்தது என்று நான் எழுதித் தர வேண்டுமாம், இரண்டாவது மனுவுக்கு.

நடுங்கிய விரல்களைப் பற்றி இரு தரப்பிலும் நான் வாய் திறக்கவில்லை. அவர்கள் கேட்டபடியே எழுதிக் கையெழுத்திட்டேன். அதற்கும் பதில் வரவில்லை.

பாகூரில் மிச்ச மாதங்களையும் கட்டிகளைக் கீறியே கழித்தேன். கடைத்தெருவில் அந்தக் கரும்பு வெட்டுகிறவரின் மனைவியைச் சில முறை பார்த்தேன். கம்பவுண்டரிடம் நின்று நலம் விசாரிப்பாள். என்னைப் பார்த்தால் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, மரியாதையாக ஒதுங்கிப் போய்விடுவாள்.